பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன்: சத்தம், புகை, வாடை எதைச் சொல்கின்றன

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் கார் தேடுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒரு போர்ஷே பாக்ஸ்டரோ, ஆடி டி.டி.யோ, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸோ பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது என்றால் யாருக்கும் மனசு போகும். ஆனால் வண்டியின் விலைதான் பாதியாகிறது, உதிரி பாகத்தின் விலை அப்படியே நிற்கிறது. வாங்கிய பிறகு பட்டறைக்கு வந்து நிற்கும் வண்டிகளில் நான் திரும்பத் திரும்பச் சரிசெய்யும் கோளாறுகளில் பெரும்பாலானவை, வாங்கப் போன அன்றே ஏதாவது ஓர் அறிகுறியைக் காட்டியிருக்கும். அந்த அறிகுறிகளை வைத்தே இதை எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவு குறைந்த காரணம் முதலில், பெரிய செலவு கடைசியில்.

கையில் ஒரு டார்ச், பழைய துணி, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்க போனில் இணையும் ஓ.பி.டி. ஸ்கேனர் இருந்தால் போதும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜினைக் குளிர்ந்தும் சூடாகவும் இரண்டு நிலையிலும் பார்க்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

## போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருக்கிறது

பானட்டைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை, வெயிலில் நின்றாலே சுடும். டிப்ஸ்டிக்கையோ ரேடியேட்டர் ஹோஸையோ தொடுங்கள். இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டியில் சைலன்சர் வாயைத் தொட்டால் தெரியும். சூடாக இருந்தால், இடத்தை மாற்றி நிறுத்தினேன் என்று சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சண்டை போட வேண்டியதில்லை, இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். முந்தின நாளே போன் செய்து, "நான் வந்ததுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணோணுங்க" என்று சொல்லிவைத்தால் இந்த அலைச்சல் மிச்சம். இரண்டாவது முறையும் சூடாகவே நின்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

## முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பானட்டைத் திறந்து வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, போனில் வீடியோ எடுங்கள். சத்தம் எத்தனை நொடி நீடிக்கிறது என்று பிறகு போட்டுப் பார்க்க அது உதவும்.

ஒரே சீராக டிக் டிக் என்று கேட்கிறது, சூடானாலும் மாறவில்லை. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்ஜெக்டர் சத்தம் அப்படித்தான் இருக்கும். பயப்பட வேண்டாம்.

குளிரில் டிக் டிக், சூடானதும் காணாமல் போகிறது. இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் லீக் இருக்கலாம், அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் (போல்ட்) ஒடிந்திருக்கலாம். பாகம் சின்னது, ஆனால் ஒடிந்த ஸ்டட்டை எடுக்க இன்ஜின் பக்கம் நிறையக் கழற்ற வேண்டிவரும். விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஒரு நொடி கடகடத்து நின்றுவிடுகிறது. ஆயில் பழசாகியிருக்கலாம், அளவு குறைந்திருக்கலாம், மட்டமான ஃபில்டர் போட்டிருக்கலாம். கடைசி ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். ஆயில் கிரேடு அந்தப் பில்லில் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டு மூன்று நொடிக்கு மேல் நீடிக்கிறது. இங்கிருந்து, வால்வுகளை ஓட்டும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கணக்கு ஆரம்பிக்கிறது. 2008 முதல் 2012 வரை வந்த ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.8, 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் இது பேர்போன கோளாறு. பழைய மினி கூப்பர் எஸ்ஸிலும் அப்படியே. 2015-க்கு முந்தைய பி.எம்.டபிள்யூ. நாலு சிலிண்டர் என்20 இன்ஜினில் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு உடையும். அங்கே கடகடப்பைவிட, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஊளையிடுவது போன்ற ஒரு சத்தம்தான் முதலில் வரும். செயின் நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்புறம் இன்ஜினே போச்சு. செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் கேம்ஷாஃப்ட் அளவுகளை வைத்தே சொல்லிவிடுவார்கள். இந்தச் சத்தம் கேட்டால் அந்தச் சோதனை இல்லாமல் வாங்காதீர்கள்.

பி.எம்.டபிள்யூ. இசட்4 35ஐ போன்றவற்றின் என்54 இன்ஜினில் தகரம் அதிர்வதுபோல் சத்தம். பெரும்பாலும் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவு. அதே இன்ஜின் ஸ்டார்ட் ஆக நீண்ட நேரம் சுற்றினால் ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகியுங்கள்.

சூடான பிறகு ஆழத்திலிருந்து டொக் டொக், ஆர்.பி.எம். ஏற ஏற வேகமாகிறது. பேரிங். வண்டியை விட்டு விலகிவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

போர்ஷேவுக்கு மட்டும் தனியாக ஒன்று. 1997 முதல் 2008 வரையிலான பாக்ஸ்டர், கேமன், சாதாரண 911 இன்ஜின்களில் ஐ.எம்.எஸ். என்னும் இடைத்தண்டு பேரிங் உடையும் ஆபத்து உண்டு. இது முன்கூட்டிச் சத்தம் கொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆயில் ஃபில்டரைக் கழற்றி, மடிப்புகளை விரித்து, உலோகத்தூள் மின்னுகிறதா என்று பார்ப்பதுதான் வழி. பேரிங்கை ஏற்கெனவே மாற்றியிருந்தால் பில் இருக்கும். 2009 மாடலிலிருந்து வந்த நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினில் இந்தப் பேரிங்கே கிடையாது. பட்ஜெட் கொஞ்சம் நீளுமானால் 2009-க்குப் பிந்தையதைத் தேடுங்கள் என்பதுதான் கேட்பவர்களுக்கு எல்லாம் என் பதில்.

## சைலன்சரில் புகை

மார்கழிக் காலையில் வெள்ளையாகக் கிளம்பி, சூடானதும் மறைந்தால் அது நீராவி. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது. இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், அல்லது அதைவிடப் பெரியது.

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், காற்று அளக்கும் சென்சார், இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். மூன்றும் சரி என்றால் யாராவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி ரீமேப் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

நீலப் புகைதான் காசைத் தின்னும். அது எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்தால் வால்வ் சீல். போர்ஷேவின் படுக்கை இன்ஜினில், குறிப்பாகச் சரிவில் நிறுத்தியிருந்தால், இந்தக் குப் புகை சாதாரணம். ஐடிலில் சில நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது வந்தால் டர்போ சீல். முழு ஆக்சிலேட்டரில் பின்னால் நீலமாகத் தெரிந்தால் பிஸ்டன் ரிங். ஆனால் ரிங் என்று முடிவு கட்டுவதற்கு முன், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் மூடியைப் பலமாக உள்ளே இழுத்துப் பிடிப்பது, விசில் சத்தம் வருவது இரண்டும் அது கெட்டதன் அடையாளம். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு இன்ஜினைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் சைலன்சர் வாய் உள்ள போர்ஷேவில் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரக் கரியாக ஒட்டினால் சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கலாம். எந்த சிலிண்டர் பக்கத்துப் புகை எந்த வாயில் வருகிறது என்பது சைலன்சர் அமைப்பைப் பொறுத்தது என்பதால் இதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் கேமராவை விட்டுப் பார்ப்பதற்கு நிபுணரைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

"ஆயில் கொஞ்சம் குடிக்கும்ங்க, இந்த வண்டி எல்லாமே அப்படித்தானுங்க" என்பார்கள். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று சில கம்பெனிக் கையேடுகளே சொல்வதால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதற்கு மேல் குடித்தால், சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் லீக்டவுன் டெஸ்ட்டும் எடுக்காமல் பேச்சை நீட்டாதீர்கள்.

## டிராஃபிக்கில் டெம்பரேச்சர் ஏறுகிறது

பைபாஸில் ஓட்டினால் எந்த வண்டியும் குளிர்ந்துதான் இருக்கும். காந்திபுரம் சிக்னல்களிலோ திருப்பூர் டவுனிலோ மத்தியானம் ஏ.சி. போட்டு ஊர்ந்து பாருங்கள். பிறகு ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் ஐடிலில் விடுங்கள். முள் நடுவிலேயே நின்று, ஃபேன் வந்து வந்து போனால் சரி.

ஏறினால் முதலில் ரேடியேட்டரின் முகத்தைப் பாருங்கள். பாக்ஸ்டர், 911 வண்டிகளில் முன்பம்பரின் இரண்டு மூலையிலும் ரேடியேட்டர் இருக்கும். அங்கே சருகும் பிளாஸ்டிக் கவரும் பஞ்சும் அடைத்துக் கிடக்கும். சுத்தம் செய்தால் தீர்ந்துவிடும். அடுத்தது ஃபேன், அதன் ரிலே. அப்புறம்தான் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். ஃபோக்ஸ்வாகன் குழும டர்போ இன்ஜின்களில் இவை இரண்டும் ஒரே பிளாஸ்டிக் வீட்டுக்குள் இருக்கும், அதில் வெடிப்பு விழுந்து கூலன்ட் மெதுவாகக் கசியும். கீழே சொட்டாது, ஆனால் டேங்கில் அளவு குறைந்துகொண்டே போகும். பி.எம்.டபிள்யூ. ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் மின்சார வாட்டர் பம்ப் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுபோகும், ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் வண்டி என்றால் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டே ஆக வேண்டும்.

நம் ஊருக்கென்றே ஒரு காரணம் உண்டு: போர் தண்ணி. கூலன்ட் குறைந்தது என்று பக்கத்தில் இருந்த குழாயில் பிடித்து ஊற்றிவிடுவார்கள். பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்து போர் தண்ணியின் உப்பு எவ்வளவு என்பது வீட்டு வாட்டர் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து, விரலால் கழுத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். இளஞ்சிவப்போ நீலமோ பச்சையோ, தெளிவான நிறத்தில் கூலன்ட் இருக்க வேண்டும். நிறமற்ற தண்ணியும், விரலில் சொரசொரப்பாக ஒட்டும் வெள்ளைப் படிவும் இருந்தால், அதே படிவு அலுமினிய ஹெட்டுக்குள்ளும் ஹீட்டர் குழாய்க்குள்ளும் இருக்கிறது. ஃப்ளஷ் செய்தால் எல்லாம் போய்விடும் என்று நம்பி வாங்காதீர்கள். கூலன்ட்டில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசை இருந்தாலோ நிபுணர் பார்க்கும் வரை நிறுத்துங்கள்.

## கியர் உதறுகிறது, தயங்குகிறது, நழுவுகிறது

மேனுவல் வண்டியா? காலியான ரோட்டில் நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்.பி.எம். மட்டும் துள்ளி ஏறி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் முடிந்தது. இரண்டாவது கியர் மட்டும் கரகரத்தால், கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. முன்னது கிளட்ச் செட்டோடு முடியும், பின்னதற்குக் கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும்.

டபுள் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால் முதலில் ஆயிலில் ஓடும் ஈர கிளட்ச்சா, ஆயில் இல்லாத உலர் கிளட்ச்சா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆக்டேவியா ஆர்.எஸ். 230, பழைய டி.டி. போன்றவற்றின் ஆறு கியர் பெட்டி ஈர வகை. அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உதறல் லேசாக இருந்தால் ஆயில் மாற்றி, ஸ்கேனர் வைத்து கிளட்ச் அளவுகளைப் புதிதாகப் பதியும் அடாப்டேஷன் செய்ததும் சரியாகிவிடுவது உண்டு. போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. போன்றவற்றில் வரும் ஏழு கியர் உலர் வகையில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறினால் கிளட்ச் தேய்மானம். கியர் திடீரென்று விலகி, டிஸ்பிளேயில் ஸ்பேனர் குறி மினுங்கினால் மெகட்ரானிக் என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி. அது லட்சத்தில் பேசும் வேலை.

எந்த ஆட்டோமேட்டிக்கையும் அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, ஒரு ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்த பெட்டி அப்போதுதான் உண்மையைச் சொல்லும்.

## டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது; அல்லது எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை

"சென்சார்தானுங்கண்ணா, ஐநூறு ரூவா வேலைங்க." இதற்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "அப்ப அதை மாத்திட்டே விலை பேசிக்கலாமுங்க." பலர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

எரியாத விளக்கு அதைவிட மோசம். சாவி போட்டதும் ஏர்பேக், ஏ.பி.எஸ்., இன்ஜின் விளக்குகள் எல்லாம் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் யாரோ அதை முடக்கியிருக்கிறார்கள். ஒரு பெரிய மோதலுக்குப் பிறகு ஏர்பேக் போடாமல் மூடி மட்டும் மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்கேனரில் கோளாறு எதுவும் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். ரெடினஸ் என்ற பக்கத்தைத் திறங்கள். வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளில் பல முடியவில்லை என்று அது காட்டினால், சமீபத்தில்தான் கோளாறுப் பதிவுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி கூப்பிடச் சொல்லுங்கள். போர்ஷே என்றால் அதற்கான கருவியில் ஓவர்-ரெவ் பதிவை எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை மணி நேர ஓட்டத்தில் எந்த அளவுக்கு ஆர்.பி.எம். எல்லை மீறியது என்று இன்ஜின் கம்ப்யூட்டரே எழுதிவைத்திருக்கும். போர்ஷே கம்பெனி ஷோரூமுக்குக் கொச்சி, பெங்களூரு, சென்னை என்று போக வேண்டும். அந்த அலைச்சலும் செலவும் வண்டியின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

## ஸ்டியரிங் நடுங்குகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது

நீலாம்பூர்–செங்கப்பள்ளி ஆறுவழிச் சாலை இதற்கு வசதி. எண்பது தொண்ணூறில் நடுக்கம் வந்தால் வீல் பேலன்ஸ், அப்புறம் ரிம் வளைவு. ஒல்லியான பக்கச்சுவர் டயர் என்பதால் ஒரு குழியிலேயே ரிம் வளையும், வெடிக்கவும் செய்யும். லிஃப்டில் ஏற்றி, ரிம்மின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

இழுத்தால் காற்று, அலைன்மென்ட் என்று ஆரம்பியுங்கள். அலைன்மென்ட் கடையில் அளவு ஒத்துவரவில்லை என்றால் சேசிஸ் சந்தேகம் வந்துவிடும். அப்போது பெயின்ட் கருவியை எடுங்கள். கம்பெனிப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு கதவில் மட்டும் 300 என்றால் மறுபெயின்ட், ஆயிரத்தைத் தாண்டினால் பட்டி. ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட காயம் இருக்கிறதா பாருங்கள். கதவு, பம்பர் டிங்கரிங் சாதாரண விஷயம். தூண், கூரை, சேசிஸ் முனை இவற்றில் வெல்டிங் தெரிந்தால் வேண்டாம்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003 முதல் நம் பக்கத்திலேயே இருப்பதால், டிராக்கில் ஓடிய வண்டிகளும் விற்பனைக்கு வரும். டயரின் தோள்பகுதி உருகி உருண்டிருப்பது, பிரேக் டிஸ்க்கில் நீலம் பாரித்திருப்பது, சீட்டுக்கு அடியில் பெல்ட் மாட்டிய புது ஓட்டைகள் இவை அடையாளம். டிராக்கில் ஓட்டியதைச் சொல்லி, ஆயில் மாற்றிய பில்லையும் காட்டுகிறவரின் வண்டியை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். மறைத்தால்தான் பிரச்சினை.

## பிரேக் அடித்தால் பெடல் துடிக்கிறது

டிஸ்க் மெலிந்து அலைபாய்கிறது, பேடோடு மாற்றினால் சரியாகும். போர்ஷேவில் காலிப்பர் மஞ்சள் நிறம் என்றால் செராமிக் டிஸ்க், அதன் விலையைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். மலைப்பாதைச் சோதனை கட்டாயம்: ஆழியாறு தாண்டி வால்பாறையின் 40 கொண்டை ஊசிகளில் சிலவோ, ஈரோட்டுக்காரர்களுக்குத் திம்பத்தின் 27-ல் சிலவோ இறங்கினால் போதும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயில் பழசு.

## உள்ளே ஈர வாடை, அளவுக்கு மீறிய சென்ட் வாடை

2015 டிசம்பரில் சென்னையும், 2018 ஆகஸ்டில் கேரளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னையும் மூழ்கின. தண்ணிக்குள் நின்ற வண்டி, கழுவி, பாலிஷ் போட்டு, வெள்ளம் வராத ஊரில் விற்பனைக்கு நிற்கும். வாளையார் தாண்டினால் கோயம்புத்தூர்தானே.

டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெளியே தெரியும் நீளம் சுத்தமாக இருக்கும். கடைசி ஒரு முழத்தில், சுருளுக்குள் எப்போதும் ஒளிந்திருக்கும் பகுதியில், பழுப்பாக ஒரு கோடு ஓடும், நகத்தால் சுரண்டினால் நைசான வண்டல் உதிரும். அந்தக் கோட்டை எந்த வாட்டர் வாஷும் எட்டுவதில்லை. இதைப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

கோடு இல்லை, ஆனால் வாடை இருக்கிறது என்றால் ஏ.சி. டிரெயின் அடைப்பிலிருந்து தொடங்குங்கள். கூரை திறக்கும் வண்டியானால், கூரைத் தண்ணி இறங்கும் குழாய்களில் வேப்பிலைச் சருகு அடைத்திருக்கும். பழைய பாக்ஸ்டரில் அந்தத் தண்ணி சீட்டுக்கு அடியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இறங்கி, வண்டியே ஸ்டார்ட் ஆகாமல் செய்துவிடும். கார்ப்பெட்டைத் தூக்கி, சீட் ரயில் போல்ட், ஒயர் சாக்கெட் இவற்றில் துருவும் பச்சைப் பூப்பும் இருக்கிறதா பாருங்கள். சாக்கெட்டில் பச்சை தெரிந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வரும்வரை பேச்சு வேண்டாம். கூரையை மூன்று நான்கு முறை திறந்து மூடிப் பாருங்கள், நடுவில் நின்றால் ஹைட்ராலிக் வேலை.

## கிலோமீட்டர் ரொம்பக் குறைவு

டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 15,000 ஓடிய வண்டியில் டயர் இரண்டாவது செட்டாக இருந்தால் காரணம் கேளுங்கள். சீட்டின் ஓரத் தையல், பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல் மூன்றும் மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். சர்வீஸ் பில்களில் எழுதிய கிலோமீட்டர் ஏறுவரிசையில் வருகிறதா என்றும் பாருங்கள். உண்மையிலேயே ஓடாமல் நின்ற வண்டியாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ், சீல், டயர் எல்லாம் வயதுக்கு ஏற்பக் காய்ந்திருக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் ஹோஸ்தான் முதல் சந்தேகம். ஓடாமல் நின்ற 8,000 கிலோமீட்டர் வண்டியைவிட, பில்லோடு ஒழுங்காக ஓடிய 50,000 கிலோமீட்டர் வண்டியை எடுக்கச் சொல்வேன்.

## மார்க்கெட்டைவிட விலை ரொம்பக் குறைவு

வண்டியில் குறை தெரியவில்லை என்றால் பேப்பரில் இருக்கும். அரசின் பரிவாகன் தளத்தில் ஆர்.சி. விவரம், ஹைப்பாத்திகேஷன் (வண்டி மேல் உள்ள கடன் பதிவு), சலான் பாக்கி மூன்றையும் பாருங்கள். கடன் இருந்தால், அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் பேங்க் கடிதமும் வேண்டும். பாண்டிச்சேரி, டெல்லி, கர்நாடகா நம்பர் என்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, டி.என். நம்பர் எடுக்க வேண்டும். அந்த வரியைச் சேர்த்த பிறகு விலை உண்மையிலேயே குறைவா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓட்டக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அங்கிருந்து மலிவாக வருவது உண்டு. வயதைப் பார்த்து வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பழைய கிளெய்ம் விவரத்தை விற்பவர் மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சொல்லாத விபத்து அதில் வந்துவிடும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய கையோடு, 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாற்றாமல் விட்டால் மூன்றாம் நபர் பாதுகாப்பு மட்டும் கூட வரும், உங்கள் வண்டிக்கு அடிபட்டால் காசு வராது.